ரிசல்ட் வராத டெஸ்ட்

"இன்னைக்கும் எடுக்கணுமா பாப்பா?"

"ஆமாக்கா. போய்ப் பிடிச்சுட்டு வாங்க" என்று பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள் சிவப்ரியா. அந்த லேபில் முன் மேஜை அவள் பொறுப்பு.

பூவாயி டப்பாவோடு பாத்ரூமுக்குப் போனாள்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து காரைக்காலுக்கு வந்து, லேபுக்கு எதிர்ச்சாரியில் மீன் விற்பவள் அவள். போன மாதம் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிட்டன. டாக்டர் சிறுநீர் டெஸ்டுக்கு இங்கே அனுப்பினார். கிருமித் தொற்று என்று வந்தது. மாத்திரையில் எல்லாம் அடங்கியும் போனது.

ஆனால் இந்தப் பெண்தான் விடுவதாயில்லை. சரியாகிவிட்டது, இருந்தாலும் திரும்ப வரக்கூடியது, தினமும் வந்து கொடுத்துவிட்டுப் போங்கள், காசு வேண்டாம் என்றாள். ரிசல்ட் கேட்டால் மட்டும், நிறைய தண்ணீர் குடிங்கள் என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

பக்கத்தில் கருவாடு விற்கும் காசியம்மாவுக்கு இது சரியாகப் படவில்லை.

"காசு வாங்காம எவடி டெஸ்ட் எடுப்பா? கிட்னில என்னமோ இருக்கு. சொன்னா நீ தாங்க மாட்டேன்னு மறைக்குறா. இல்லன்னா உன்னை வச்சுத் தொழில் பழகுறா."

அதிலிருந்து பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை. தை மாசம் மகள் கல்யாணம். அதுவரைக்குமாவது இந்த உடம்பு தாங்குமா?

இன்றைக்கு டப்பாவை மேஜைமேல் வைத்தவள் நகரவில்லை.

"எனக்கு என்ன வியாதி? சொல்லாம நான் இந்த எடத்தை விட்டுப் போவ மாட்டேன்."

சிவப்ரியா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். முதலாளி சோமசேகரன் உள்ளேதான் இருந்தார்.

"மெதுவா பேசுங்கக்கா."

"தப்புப் பண்றவதான் மெதுவாப் பேசணும். தெனமும் வாங்கி வாங்கி வச்சு என்னதான் பண்ணுற?"

"கொட்டிடுவேன்."

பூவாயி டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிவப்ரியா மேஜையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லக்கா. தண்ணி ஏன் குடிக்கிறதில்லன்னு நான் முதல்ல கேட்டப்ப, 'தெருவுல உக்காந்து யாவாரம் பண்றவ குடிச்சா எங்கடி ஒதுங்குறது'ன்னு சிரிச்சீங்க. டெஸ்ட் குடுக்க வர்றவங்களைத் தவிர யாரையும் எங்க பாத்ரூம்ல விடக் கூடாதுன்னு சார் உத்தரவு. கையில டப்பா இருந்தா அவர் ஒண்ணும் கேக்க மாட்டார்."

பூவாயிக்குக் கண்ணீர் முட்டியது. பிடித்த கையை விடாமல் அப்படியே நின்றாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார் சோமசேகரன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் பூவாயி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "நாளைக்கும் டெஸ்டுக்கு வரணுமாம். மறக்காம வந்துடுறேன்னு பாப்பாகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."