படத்தின் ஓரம்

வெர்லீனுக்கு இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. வாரம் முழுக்கக் கெளுத்தி மீனை அழுத்திப் பிடித்த கை. ஞாயிற்றுக்கிழமை என்று அதற்குத் தெரியாது.

வெள்ளைக் கையுறைக்குள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். சுண்டுவிரல் பாதிதான். மீதியைச் சின்ன வயதில் பருத்தி லாரியின் கதவு எடுத்துக்கொண்டது. கையுறையில் அந்த இடத்தில் பஞ்சு அடைத்திருந்தாள்.

தேவாலயத்தில் ஆட்களை உட்கார வைப்பதும் காணிக்கைத் தட்டு ஏந்துவதும் அவள் வேலை. அந்த வேலையில் நிற்பவர்கள் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் வழக்கம். அவளுக்கும் அது வசதிதான்.

இன்று நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, எறும்புப் புத்துலயா நிக்கிற?" என்றாள் பக்கத்தில் நின்ற எர்னஸ்டீன்.

"ஷூ கடிக்குது."

"கடிச்சாலும் சிரிச்ச மூஞ்சியா நில்லு. மேடையில நிக்கிறாரே, நாளைக்குப் போய் அவரு அண்ணன்கிட்டதான் மீன் வெட்டக் கத்தி வாங்கணும்."

அண்ணனுடையது மீன் ஆலை. பெஞ்சுகளில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. அந்தப் பக்கத்தில் வேறு ஆலை கிடையாது.

தம்பி டால்டன் கிரீல், வெள்ளைக்காரன், கவர்னர் தேர்தலில் நிற்கிறான். இப்போது இந்தக் கறுப்பர் தேவாலயத்தின் பிரசங்க மேடையில் நின்றுகொண்டிருந்தான்.

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் மிசிசிப்பியில் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் அவன் கல்லூரி விடுதி விருந்தில் எடுத்தது. கறுப்பர்களைக் கேலி செய்ய முகமெல்லாம் கறுப்பு ஷூ பாலிஷ், கழுத்தில் தூக்குக் கயிறு, நாக்கை வெளியே தொங்கவிட்டு இளிக்கிற கிரீல். பின்னால் சுவரில் அடிமைக் காலத்துக் கொடி. ஓரத்தில், பியர்த் தட்டு ஏந்திய ஒரு கறுப்புக் கை.

பாலிஷைப் பற்றிப் பேசினார்கள். கயிற்றைப் பற்றி, கொடியைப் பற்றிப் பேசினார்கள். கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அப்ப நான் விவரம் தெரியாத பையன்," என்றான் கிரீல். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். "அது கேலிக்குப் போட்ட வேஷம். இருந்தாலும் உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சவ அடக்கக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த காகித விசிறிகள் அசைந்தன.

"ஒண்ணு மட்டும் சத்தியமாச் சொல்றேன். அன்னைக்கு அந்த ரூம்ல யார் மனசும் நோகல. நோகறதுக்கு அங்க யாரும் இல்ல. நாங்க பசங்க மட்டும்தான்."

முன்வரிசைக் கிழவி ஒருத்தி கண்ணை மூடிச் சொன்னாள்: "உதவி பண்ணும், ஆண்டவரே."

பின்னாலிருந்து இன்னொருத்தி: "இவருக்கு உதவி பண்ணும்!"

கிரீலின் முகம் மலர்ந்தது. கையை நெஞ்சில் வைத்து அவர்களுக்குத் தலை வணங்கினான்.

எர்னஸ்டீன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பேச்சு மனசைத் தொட்டால் இங்கே ஆமென் என்பார்கள். பேச்சு சேற்றில் மாட்டிய வண்டி மாதிரி உறுமிக்கொண்டு நின்றால்தான் ஆண்டவரிடம் உதவி கேட்பார்கள். அவனுக்கு இன்னும் ஒரு ஆமென்கூட விழவில்லை. அது அவனுக்குத் தெரியவும் இல்லை.

பாஸ்டர் டாலிவர் எழுந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வெர்லீன் சிஸ்டர், காணிக்கைத் தட்டை முதல்ல நம்ம விருந்தாளிகிட்டக் கொண்டு வாங்க."

பத்திரிகைக்காரன் கேமராவோடு நடைபாதையில் முழங்காலிட்டான்.

வெர்லீன் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அவள் கை சும்மா இருக்கவில்லை. பாதி வழியில் நின்றாள். இடது கையை முன்னால் கொண்டுவந்து, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். பஞ்சு சிவப்புக் கம்பளத்தில் விழுந்தது.

"அடியே!" என்று எர்னஸ்டீன் பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள்.

வெர்லீன் தட்டை இடது கைக்கு மாற்றி நீட்டினாள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் அடியில், பாதிச் சுண்டுவிரல் தனியாகத் துருத்திக்கொண்டு.

கிரீல் ஒரு நோட்டை மடித்தான். தட்டைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

"ரொம்ப நன்றி, சிஸ்டர்," என்றான் அதே சிரிப்போடு. "நாம இதுக்கு முன்னாடி பாத்ததில்ல, இல்ல?"

"பாத்திருக்கோம் சார். அன்னைக்கு அந்த ரூம்லயும் தட்டோடதான் நின்னேன். ஓரமாப் போடி, படத்துல விழாதன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவன் கண் மெல்லக் கீழே இறங்கியது. விரலில் வந்து நின்றது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்த மாதிரி.

எர்னஸ்டீன் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அந்தப் பழைய படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். நிமிர்ந்து வெர்லீனின் கையைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"ஆமென்," என்றாள். சத்தமாக.

முன்வரிசைக் கிழவி கண்ணைத் திறந்து திரும்பினாள். விசிறிகள் நின்றன.

கிரீல் பாஸ்டரைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். நோட்டு தட்டில் விழுந்தது.

தட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனது. ஊரிடமெல்லாம் கேட்ட மன்னிப்பை அவளிடம் அவன் கேட்கவில்லை. அது இன்னும் பாக்கி.