ஐந்தாவது மாடி வாஷிங் மெஷின்

கடை திருப்பித் தர வேண்டிய பணம் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது. அந்தத் தொகை அச்சாகியிருந்த பில்லை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார் அவர். எடுத்து நீட்டியபோது அது வியர்வையில் நனைந்து துணி மாதிரித் துவண்டது.

புகார் பிரிவில் இருந்த பெண்ணுக்கு இந்தக் கிளையில் அன்றுதான் முதல் நாள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவளைத் திட்டிவிட்டுத்தான் போயிருந்தார்கள். இவரும் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பில்லைக் கிழியாமல் பிரித்தபடி, "உக்காருங்க சார்" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்பதுபோல அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் தள்ளுவண்டி மேல் வாஷிங் மெஷின் நின்றது. தண்ணீர் பிடிக்கும், சுற்றும், ஆனால் அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே விடாது. வாங்கிய நாலு மாதத்தில் இதே கோளாறுக்காக மூன்று முறை கடைக்கு வந்து, சரியாகிவிட்டது என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு திரும்பிப் போயிருந்தது.

விற்றதோடு கடையின் பொறுப்பு முடிந்தது, பழுதென்றால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார் மேலாளர். அதை அவள் ஒப்பித்தாள். ஒப்பிக்கும்போதே அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"கம்பெனிக்காரன் முகத்தை நான் பாத்ததே இல்லம்மா. மெஷின் இந்தக் கடையிலேருந்துதான் போச்சு. வித்தவங்கதானே பதில் சொல்லணும்?"

நியாயம்தான். ரிப்பேர் செய்தும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், வேறு பொருளோ பணமோ கேட்க வாங்கியவருக்கு உரிமை இருக்கிறது என்று அவள் பயிற்சியில் படித்தவள். இருந்தாலும் மேலாளருக்குப் போன் போட்டாள். மேலாளர், இன்னும் ஒரே ஒரு தடவை ரிப்பேர் செய்து அனுப்பிவிடலாமே என்றார். அதை அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருந்தவர் தலையை ஆட்டிவிட்டார்.

"அஞ்சாவது மாடிம்மா. லிப்டு கிடையாது. இந்த மெஷின் இன்னொரு தடவை அந்தப் படி ஏறக் கூடாது. எனக்கு அது ஒண்ணு போதும்."

ஆளுக்கு மெஷின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. வீட்டில் அம்மா ரொம்பக் கோபமாக இருக்கிறார்களா என்று ஆறுதலாகக் கேட்டாள்.

"கோபப்பட்டு என்ன பண்ணப் போறாங்க, பாவம். நான் மேல போய்ச் சேர்ந்ததும் ஒரு சொம்புத் தண்ணி குடுப்பாங்க. அவ்வளவுதான்."

மேலாளர் மறுபடி அழைத்தார். பழையதை வாங்கிக்கொண்டு புதிதாகவே ஒன்று கொடுத்துவிடலாம், அதுவும் பெரிய மாடலாக, கூடுதல் பணம் கேட்க வேண்டாம் என்றார். தங்கள் கடை இறங்கி வந்ததில் அவளுக்கே சந்தோஷம். மெஷினின் படத்தைத் திருப்பிக் காட்டி, முன்பக்கம் கதவு வைத்தது, கம்பளி கூடத் துவைக்கலாம் என்று விவரம் சொன்னாள்.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"எடை எவ்வளவும்மா இருக்கும்?"

"துணி துவைக்கிறதுக்குக் கேக்குறீங்களா, பழைய இரும்புக்குப் போடுறதுக்கா?" என்று சிரித்தாள். பிறகு தேடிப் பார்த்து, அறுபத்தைந்து கிலோ என்றாள்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"பணமாவே குடுத்துடச் சொல்லும்மா."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மாடல் என்றால் விழுந்தடித்துக்கொண்டு வாங்குகிறவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். படிதான் கவலையென்றால் அந்தக் கவலையே வேண்டாம் என்றாள்.

"எங்க ஆளுங்க தூக்கிட்டு வந்து வெச்சிடுவாங்க சார். நீங்க ஒரு கை பிடிக்க வேணாம்."

அவர் அவளையே பார்த்தார்.

"அந்த ஒரு வார்த்தையை நம்பித்தாம்மா எல்லாரும் வாங்குறாங்க."

அதற்கு மேல் அவளுக்கும் தெம்பில்லை. மேலாளரிடம், சட்டப்படி கொடுத்துத்தான் ஆக வேண்டும், நாளைக்கு வழக்கு என்று வந்தால் நான்தான் போய் நிற்கணும் என்றாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. கொடுத்துத் தொலை என்றார்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மொத்தமும் திரும்பிப் போனது. கணினி 'பாக்கி இல்லை' என்று காட்டியது. அவள் ரசீதை அச்சடித்துப் பேனாவோடு அவர் பக்கம் தள்ளி, ஒரு கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

"மெஷினுக்குச் சொந்தக்காரங்க வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்து போடுவாங்க. பணமாக் கிடைச்சா நல்லதுன்னுதான் பில்லை எங்கிட்டக் குடுத்தாங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"அப்ப நீங்க யாரு?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். தள்ளுவண்டியைக் கடையின் பின்பக்கக் கிடங்கை நோக்கித் திருப்பினார்.

"நம்ம கடை லோடுமேன்மா."