நடுவில் ஒரு படகு

கால்வாயில் மேட்டுத் தண்ணீரும் பள்ளத்துத் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில், நடுவே ஒரு படகு நிற்க இடம் விட்டு, இரண்டு கதவுகள் இருந்தன. ஒரே தேக்கில் அறுத்த அக்கா, தங்கை. அக்கா மேட்டுப் பக்கம், தங்கை பள்ளத்துப் பக்கம். இரண்டும் சேர்ந்து திறந்தால் மேட்டுத் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும் என்பதால், ஒருத்தி மூடிய பிறகே மற்றவள் திறப்பாள்.

போய்வரும் உப்புப் படகுதான் இருவர் பேச்சையும் சுமந்தது.

"உடம்பு எப்படி இருக்குன்னு அவளைக் கேளு" என்பாள் அக்கா.

"அடிப்பலகை கொஞ்சம் உளுத்திருக்கு, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு" என்பாள் தங்கை.

"நீங்களே பேசிக்கக் கூடாதா?" என்று படகு சலித்துக்கொள்ளும்.

"ஒண்ணா திறக்கிற நாள் வரட்டும், பேசிக்கிறோம்" என்பார்கள் இருவரும்.

அந்த நாள் வந்தது. உப்பு லாரியில் போகத் தொடங்கியதும், இனி கால்வாய் வேண்டாம் என்று ஆட்கள் வந்து இரண்டு கதவுகளையும் திறந்து சங்கிலியால் கட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் வடிந்தது. நடுவில் நின்ற படகு சேற்றில் சாய்ந்து, வெயிலில் பிளந்து, பேச்சு மூச்சில்லாமல் போனது.

இப்போது அக்காவும் தங்கையும் எதிரெதிரே. இடையில் நாற்பதடிகூட இல்லை.

வெகுநாள் கழித்து அக்கா வாய் திறந்தாள். "ஏ படகே, அவ எப்படி இருக்கான்னு கேட்டுச் சொல்லேன்."

தங்கையின் காதில் அது தெளிவாக விழுந்தது. அடிப்பலகை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். படகு வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.