துப்பாக்கியும் சேர்த்து

கஞ்சாப் பொட்டலங்களோடு பிடிபட்ட டில்லிபாபுவிடம் துப்பாக்கி இல்லாததுதான் காவல் நிலையத்துக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. பொட்டலம் விற்கும் பையன்கள் துப்பாக்கியும் வைத்திருப்பார்கள் என்று ஆய்வுகளைப் படித்துத் தெளிந்திருந்த கணினி, அதையும் ஒப்படைத்தால்தான் அவனைத் திருந்தியவனாக ஏற்று வீட்டுக்கு அனுப்பும்.

“சத்தியமா அவன்கிட்ட இல்ல சார். தீபாவளிக்குக்கூட நான் துப்பாக்கி வாங்கித் தந்ததில்ல” என்றாள் அவன் அம்மா நிர்மலா.

“எனக்குப் புரியுதும்மா. இதுக்குப் புரியலையே” என்று இன்ஸ்பெக்டர் கணினியைக் காட்டினார். “எங்கியாவது கேட்டு ஒண்ணு எடுத்துட்டு வாயேன்.”

நிர்மலா யாரைப் போய்க் கேட்பாள்? மகனிடம் பொட்டலம் கொடுத்து விற்கச் சொன்ன லோகுவைத்தான் கேட்டாள். அவன் காசுகூட வாங்கவில்லை. “நம்ம பையனுக்குத்தானே அக்கா” என்று பெரிய மனதோடு ஒரு நாட்டுத் துப்பாக்கியைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தான்.

அதை நிலையத்தில் மேசைமேல் வைத்ததும் டில்லிபாபு திருந்திவிட்டதாகக் கணினி அறிவித்தது. நிலைய வாசலின் கம்பிக் கதவு தானாகத் திறந்து அவனை வெளியே விட்டது. பின்னாலேயே போன நிர்மலாவின் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

“இப்ப என்னா சார்?”

இன்ஸ்பெக்டர் திரையைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “துப்பாக்கி எடுத்துட்டு வந்தது நீதானேம்மா. துப்பாக்கி வெச்சிருக்கறவங்க பொட்டலமும் விப்பாங்களாம். அதையும் ஒப்படைச்சாத்தான் உன்னை வுடும்.”

“நீ பயப்படாதம்மா, தோ வாங்கியாந்துர்றேன்” என்று கம்பிக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, திருந்தி ஐந்து நிமிடம்கூட ஆகாத டில்லிபாபு லோகுவின் வீட்டை நோக்கி ஓடினான்.