மாமி கேட்ட படம்

"படம் புடிச்சுப் பாத்தாத்தான் நான் நம்புவன். வாயால சொல்றதெல்லாம் எனக்குக் காணாது. உன்ட மாப்புளக்கிட்டச் சொல்லு புள்ள."

குசினித் திரைக்குப் பின்னால் நின்று மாமி ஆயிஷா உம்மா தன் மகளிடம் சொன்னது, முன் அறையில் காலை நீட்டிக் கிடந்த ஹமீடுக்கு நன்றாகவே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

பெண் வீட்டில் போய் இருக்கிற மாப்பிள்ளைக்குக் கால் சுளுக்கக் கூடாது. அதிலும் வேளாண்மை வெட்டு நேரத்தில் சுளுக்கவே கூடாது.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு பெரும்போக நெல் அறுவடை. கதிர்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவன் ஈர வரம்பில் சறுக்கி, பாதம் உள்ளே மடங்க விழுந்தான். கரண்டைக்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியார் வந்து தடவிப் பார்த்தார். "வெறும் சுளுக்கு. எண்ணெய் போட்டு உருவினா நாளைக்கே வயலுக்குப் போகலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். மாமாவும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதியாக வயலுக்குக் கிளம்பிவிட்டார். ஹமீடால்தான் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே படம் எடுக்கும் வரைக்கும் ஒருத்தரும் எண்ணெய்ப் போத்தலத் தொறக்கக் கூடாது" என்று மறுபடியும் திரை பேசியது.

ஆக, ஒரு சொட்டு எண்ணெய்க்கும் வழியில்லை.

கலியாணம் முடிந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கல்முனைப் பக்கத்து வழக்கப்படி புது மருமகன் முன்னால் மாமி வரமாட்டாள். ஹமீடுக்கு மாமி என்றால் ஒரு திரைச்சீலை, ஒரு குரல், அதற்குமேல் அந்தச் செருப்புச் சத்தம். நடக்கும்போதெல்லாம் சரக், சரக் என்று தேய்த்து இழுப்பாள். எந்த நேரமும் யார் மேலோ கோபம் போல. அந்த யாரோ தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"உம்மா அப்பிடி நினைச்சுச் சொல்லல்ல" என்று மனைவி சுஹறா தொடங்கினாள். "உம்மாக்கு முந்தி ஒருக்கா…"

"போதும் சுஹறா. நான் நடிக்கிறன் எண்டுதானே பாக்கச் சொல்றா? பாக்கட்டும். காரக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துவிட்டு, அது கழுவிக் காய்ந்து வரும்வரை வாங்குப் பலகையில் சாய்ந்து கிடந்தான். காலைவிட மனசுதான் அதிகம் களைத்திருந்தது. பொத்துவிலில் தன் உம்மா வீட்டில் விழுந்திருந்தால் இத்தனை விசாரணை நடந்திருக்காது.

டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிப் பார்த்தார்.

"எலும்பு ஒண்டும் உடையல்ல."

எவனும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம். ஹமீடோ வேறொன்றைக் கேட்டான். யா அல்லாஹ், ஒரு வெடிப்பாவது விழுந்திருக்கக் கூடாதா? இனி எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவது?

"வேற ஒண்டும் தெரியல்லயா டொக்டர்? இன்னொருக்கா வடிவாப் பாருங்க."

"எலும்பு உடையல்ல எண்டு கவலப்படுற ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சிரித்த டொக்டர், வீக்கத்தை அழுத்திப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "சுளுக்கு சும்மா எடுக்கிற படத்தில தெரியாது. ஆனா எவ்வளவு மோசம் எண்டு பாக்க ஒரு வழி இரிக்கு. கொஞ்சம் நோகும்."

கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு, பாதத்தை உள்பக்கம் திருப்பிப் பிடித்தபடியே படம் எடுக்கச் சொன்னார். ஹமீட் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற சுஹறா அழுதே விட்டாள். பிறகு நல்ல காலையும் அதே மாதிரித் திருப்பி இன்னொரு படம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நல்ல காலில் எலும்புகள் நெருங்கி நின்றன. மற்றதில் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது.

"எலும்பக் கட்டிப் புடிச்சிருக்கிற நார் முழுசா அறுந்திருக்கு. இதவிட மோசமான சுளுக்கு இல்ல. பிளாஸ்டர் போடுறன். ஆறு கிழமைக்கு, ஒண்டர மாசத்துக்கு, காலக் கீழ வெக்கக் கூடாது. நல்ல வேள, ஆரும் எண்ணெய் போட்டு உருவல்ல."

கடைசியாகச் சொன்னது ஹமீடின் காதில் ஏறவில்லை. தான் பொய்யன் இல்லை என்று படமே சொல்லிவிட்டதே!

வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்ததும் எக்ஸ்ரே உறையைச் சுஹறாவிடம் நீட்டினான். திரைக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்.

"உம்மாட்டக் குடு. நான் நடிக்கல்ல எண்டு வெளிச்சத்தில புடிச்சு ஆசை தீரப் பாக்கச் சொல்லு."

சுஹறா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு, சரக், சரக்.

திரை விலகியது. முதல்தடவையாக மாமி அவன் முன்னால் வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டிருந்தாள். கையில் ஒரு தலையணை. வலது பாதம் உள்ளே திரும்பிக் கிடந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டுதான் கட்டில் வரைக்கும் வந்து சேர்ந்தாள்.

ஹமீட் எழும்பப் பார்த்தான். முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுஹறா பிளாஸ்டர் காலைத் தூக்கிப் பிடிக்க, மாமி தலையணையை அதன் அடியில் பக்குவமாக வைத்தாள். குனிந்தபடியே, முதல்தடவையாக அவனிடம் நேராகக் கதைத்தாள்.

"உங்கள நம்பாமப் படம் கேக்கல்ல மகன். என்ட இந்தக் காலையும் வெறும் சுளுக்கு எண்டு சொல்லித்தான் அதே பரிசாரியார் உருவினாரு. வெட்டுக்காரருக்குச் சோறாக்க நான் அடுத்த நாளே எழும்பி நிண்டன்."