எலிச் சத்தம்

பல் டாக்டர் காற்றுக்குழாயை ஒரு நொடி கீழ்ப்பல்லில் ஊதுகிறார். நாற்காலியில் மல்லாந்திருக்கும் பெண் துள்ளிவிடுகிறாள். விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் பற்கள் தேய்ந்து மழுங்கிக் கிடக்கின்றன. டாக்டர் விரலால் அவள் தாடையை அழுத்திப் பார்க்கிறார். "பல் கூச்சம் இதனாலதாம்மா. எதையோ உள்ளுக்குள்ளயே அடக்கி வச்சு, தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்க. மேல்பூச்சே போயிடுச்சு. ராத்திரி மாட்டிக்க ஒரு உறை செஞ்சு தரேன்." பிறகு விரலை எடுக்காமலே, அருகில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் பக்கம் திரும்புகிறார். "பக்கத்துல படுக்குற உங்களுக்குச் சத்தம் கேக்கலையா சார்?" மனைவியின் கைப்பையை மடியில் வைத்திருப்பவரின் முகம் வெளுக்கிறது. "கேக்கும் டாக்டர். எலின்னு நெனச்சு, ரெண்டு வருஷமா கட்டிலுக்கடியில பொறி வைக்கிறேன்." அவள் அவரையே பார்க்கிறாள். திறந்திருந்த வாய் மெல்ல மூடுகிறது; டாக்டரின் விரலுக்கடியில் தாடை கல்லாக இறுகுகிறது.