காலிப் பையின் எடை

புல்வெளி எலிகள் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கால் வைக்க இடமில்லாமல் பெருகும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகும். இது மறைந்துபோன வருஷம். "எலியே இல்லாத இடத்துல உனக்கென்னம்மா வேலை? இன்னைக்கும் கிடைக்கலைன்னா மூட்டையைக் கட்டு" என்று மேலதிகாரி காலையிலேயே போனில் கத்தியிருந்தார்.

அந்த எரிச்சலோடுதான், எலிகளை உயிரோடு பிடித்து எடைபோட்டு விடும் ஆய்வாளர் பொறிகளைப் பார்க்க வந்தாள். எல்லாப் பொறியும் மூடியிருந்தது. தானியம் தீர்ந்திருந்தது. உள்ளே வைத்த பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. எலி மட்டும் இல்லை.

"ஸ்பிரிங்கை ஒழுங்கா மாட்டினீங்களா?" என்று கூட வந்த டிரைவர்மேல் பாய்ந்தாள்.

"என் தலையை ஏன் மேடம் உருட்டுறீங்க? மாட்டினதே நீங்கதான்."

பஞ்சை எடுத்துவிட்டு, கைப்பழக்கத்தில் பொறியைத் துணிப்பைக்குள் கவிழ்த்து, பையைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டாள். ஓர் எலியின் எடைக்கு முள் இறங்கியது. பை தட்டையாகத்தான் தொங்கியது. அதைப் புல்லில் உதறிவிட்டு மறுபடி மாட்டினாள். இப்போது முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை.

"தராசுமா என் உயிரை வாங்கணும்!"

அடுத்தடுத்த பொறியிலும் இதே கூத்து. கடைசிப் பையில் முள் இன்னும் கீழே போனது.

"இது மட்டும் ஏன் மேடம் இவ்வளவு கனக்குது?"

"சினையா இருக்கும், வேறென்ன!" என்று எரிந்து விழுந்தாள்.

சொன்ன பிறகு அந்தப் பையை அவள் உதறவில்லை. குனிந்து, வாயை அவிழ்த்து, மெதுவாகத் தரையில் வைத்தாள்.

காற்றே இல்லை. பைக்கு முன்னால் புல் ஒரு கோடாக விலகிக்கொண்டே போனது.